பார்த்ததாக ஒரு கையெழுத்து

இருபத்தாறு வருடமாக, பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதிப் பிழைத்தவன் நான். இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே என்னைப் போல ஒருவன் இருப்பான்.

பதிவு அலுவலகத்தின் வாசலில், படிக்கட்டுக்கு இடது பக்கம் என் மேசை. பக்கத்திலேயே பத்திரம் எழுதுபவரின் கடை. எந்தப் பத்திரமானாலும் கடைசியில், 'இவர் கையெழுத்திட்டதை நாங்கள் நேரில் பார்த்தோம்' என்று ஒரு வரி வரும். அதன் கீழே இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று நான், இன்னொன்று பத்திரக்காரரின் மச்சான். ஊரில் பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது. 'சாட்சி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். என் மனைவிகூடக் கோபம் வந்தால், "என்ன சாட்சி, சாப்பாடு வேணுமா வேணாமா?" என்பாள்.

ஒவ்வொரு பத்திரத்துக்கும் எழுந்து போய், ஒவ்வொருவர் கையெழுத்துப் போடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும்? அதனால் காலையில் கடை திறந்ததும் பத்திரக்காரர் இருபது கடைசிப் பக்கங்களை என் முன்னால் வைப்பார். டீ வருவதற்குள் இருபதிலும் போட்டுவிடுவேன். மேலே யாருடைய கையெழுத்து வரப்போகிறது என்று எனக்கும் தெரியாது, தாளுக்கும் தெரியாது. உள்ளே பதிவாளரின் சன்னலில் மட்டும் ஏமாற்ற முடியாது. அங்கே சாட்சி நேரில் நிற்க வேண்டும். பதிவாளர் நம் முகத்தைப் பார்த்து, மணியைக் குறித்து, முத்திரை குத்துவார். மற்றதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போட்டதுதான். இதில் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, டீச்சரம்மா விஷயம் வரும் வரை.

டீச்சரம்மா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிச் சொந்த வீடு. பின்கட்டு அறையில் ஒரு தையல்காரப் பெண் குடியிருந்தாள். வாடகைக்குக் குடிவந்தவள்தான், உறவு ஒன்றும் கிடையாது. டீச்சரம்மா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலம் மூத்திரம் அள்ளி, மறுபடி கோல் ஊன்றி நடக்கவைத்தவள் அவள்தான். பதினோரு வருடம். அண்ணன் மகன் என்று ஒருவர் வேறு ஊரில் இருந்தார். வருடத்துக்கு ஒரு முறை போன் செய்வார்.

வீட்டைத் தையல்காரிக்கு எழுதிவைப்பது என்று டீச்சரம்மா முடிவு செய்தார். பத்திரக்காரர் உயிலை எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். கடைசிப் பக்கத்தில் எங்கள் இரண்டு பேரின் கையெழுத்தும் காலையிலேயே விழுந்திருந்தது. பின்னால் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று டீச்சரம்மா தையல்காரியை நூல் வாங்க அனுப்பியிருந்தாராம். வரிக்கு வரி படித்து, இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பக்கத்தில் மணியையும் எழுதினார். காலை 11.10. பரீட்சைத் தாளிலிருந்து பால் கணக்கு வரைக்கும் அவர் மணி எழுதாமல் கையெழுத்துப் போட்டதே கிடையாது.

ஒரு வாரம் கழித்து, ஏதோ சான்றுக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் கோலை ஊன்றிக்கொண்டு என் மேசை முன்னால் நின்றார்.

"நீதானே சாட்சி?"

"ஆமாங்க டீச்சர்."

"கையெழுத்தைப் பாத்தேன். முத்து முத்தா இருக்கு. ஆளைத்தான் பாக்கலை."

நான் இளித்தேன். பத்திரக்காரர் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சிரிக்காத. ஒரு நாள் வீட்டுக்கு வா. வேற தாள்ல நான் திரும்பப் போடுறேன், நீ பாத்துட்டுப் போடு. நடந்தா பத்து நிமிஷம்."

"நாளைக்கு வரேங்க டீச்சர்."

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. தினமும் ஞாபகம் வந்தது, தினமும் சோம்பலாக இருந்தது. நான்கு மாதத்தில் டீச்சரம்மா போய்விட்டார். அவரை அடுத்து, இன்னொரு சாட்சியான பத்திரக்காரரின் மச்சானும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

அண்ணன் மகன் வழக்குப் போட்டார். உயில் செல்லாது, சட்டப்படி வாரிசு நான்தான் என்றார். உயில் நிற்க வேண்டுமானால், டீச்சரம்மா கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். பத்திரக்காரர் பார்த்தவர்தான். ஆனால் அவர் எழுதியவர், சாட்சிக் கட்டத்தில் அவர் கையெழுத்து இல்லை. மச்சான் செத்துப்போனான். மிச்சம் நான். சம்மன் என் பெயருக்கு வந்தது.

தையல்காரியின் வக்கீல் என்னைத் தன் அறைக்கு வரவழைத்தார். நான் உண்மையைச் சொன்னதும் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"அதை என்கிட்ட சொல்லாதீங்க. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. ஞாபகப்படுத்துறேன், அவ்வளவுதான். டீச்சர் சன்னல் பக்கத்துல பிரம்பு நாற்காலியில இருந்தாங்க. எதிர்ல பச்சை பீரோ. பீரோ மேல ஓடாத கடிகாரம். ஞாபகம் வருதா?"

"வருதுங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தம்மா அவளுக்குத்தான் எழுதுனாங்களா இல்லையா?"

"எழுதுனாங்க."

"மனசார?"

"மனசாரத்தான்."

"அப்புறம் என்ன? இத்தனை வருஷம் பேப்பர்ல எழுதுன பொய்யை ஒரு நாள் வாயால சொல்லிட்டு வாங்க. அதுவும் இதுல உண்மைதான் ஜெயிக்கப் போகுது."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க இரண்டு நாள் முயன்றேன், முடியவில்லை. நான் உண்மையைச் சொன்னால் அநியாயம் நடக்கும். பொய் சொன்னால் நியாயம் நடக்கும். இப்படி ஒரு கணக்கை டீச்சரம்மாவே போட்டிருக்க மாட்டார். சரி, பொய்தான் சொல்வது என்று துணிந்தேன். துணிந்த பிறகு மனசு லேசாகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்யப் போகிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் தையல்காரி என் மேசைக்கு வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"அண்ணே, நான் அன்னைக்கு நூல் வாங்கப் போயிட்டேன். டீச்சர் கையெழுத்துப் போட்டதை நான்கூடப் பாக்கலை. நீங்க பாத்தவரு. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "கவலைப்படாத தங்கச்சி," என்றேன். வாய் கூசாமல் வந்தது.

மறுநாள் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, எல்லாவற்றையும் சொன்னேன். பிரம்பு நாற்காலி, பச்சை பீரோ, ஓடாத கடிகாரம், டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டது வரைக்கும். அந்தக் கண்ணாடி விஷயம் வக்கீல் சொல்லித் தரவில்லை, என் சொந்தச் சரக்கு. சொல்லச் சொல்ல எனக்கே அவர் எதிரில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தையல்காரி கடைசி பெஞ்சில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் மகனின் வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"கையெழுத்துப் போடும்போது மணி என்ன?"

"பதினொன்னு பத்துங்க."

"நிச்சயமா?"

"டீச்சரே எழுதியிருக்காங்களே."

"ஆமா, எழுதியிருக்காங்க," என்று சொல்லி ஒரு பெரிய பதிவேட்டைத் தூக்கி நீதிபதியின் மேசையில் வைத்தார். எங்கள் அலுவலகத்துப் பதிவேடு. அதே தேதி. யாரோ ஒருவர் மாவு மில்லை விற்ற பத்திரம். பதிவாளரின் முத்திரை, நேரம் காலை 11.10, அதன் கீழே சாட்சியாக முத்து முத்தான என் கையெழுத்து.

அந்த மாவு மில் எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. விற்றவர் தும்மிக்கொண்டே இருந்தார். இருபத்தாறு வருடத்தில் நான் உண்மையாகவே நேரில் நின்று பார்த்த சொற்பத்தில் அது ஒன்று. அது என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்தீங்களா? பொய்ச் சாட்சி சொன்னா என்ன தண்டனைன்னு தெரியுமில்ல? யோசிச்சுச் சொல்லுங்க. அந்த அம்மா கையெழுத்துப் போட்டதை நீங்க பாத்தீங்களா?"

பதிவேட்டில் நேரம் தப்பாக விழுந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். டீச்சரம்மாவின் கைக்கடிகாரம் முன்பின் இருந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். இதெல்லாம் அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது வரிசையாகத் தோன்றியது. கூண்டில் நின்றபோது ஒன்றும் தோன்றவில்லை. சிறையில் என்னைப் பார்க்க மனைவி வரிசையில் நிற்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

"பாக்கலைங்க," என்றேன்.

கடைசி பெஞ்சின் பக்கம் நான் திரும்பவில்லை.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. உயில் செல்லாது. அதில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: 'முதலில் தடுமாறினாலும், முடிவில் உண்மையைச் சொல்லத் துணிந்த இந்தச் சாட்சியின் மனசாட்சியை நீதிமன்றம் பாராட்டுகிறது.' துணிவாம். மனசாட்சியாம். நான் சொன்ன பொய்யில் கொஞ்சமாவது துணிவு இருந்தது. உண்மை முழுக்கப் பயம். தீர்ப்பு எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்? அவரும் பார்க்காததைத்தான் எழுதியிருக்கிறார்.

தெருவில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். 'உத்தமனப்பா' என்று தோளைத் தட்டியவர்களும் உண்டு. டீ கடையில், நான் உட்கார்ந்ததும் எழுந்து போனவர்களும் உண்டு. என் மனைவியின் ரவிக்கையை அந்தத் தையல்காரிதான் தைப்பாள். அளவு ரவிக்கையைத் திரும்ப வாங்கிவர மனைவி என்னைப் போகச் சொன்னாள். போகவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் காலை பத்திரக்காரர் வழக்கம் போல இருபது தாளைக் கொண்டுவந்து வைத்தார். இனி பார்த்துத்தான் போடுவேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீ பாத்துப் போட்டா ஒரு நாளைக்கு மூணுதான் ஆகும். வெளியில முப்பது பேரு நிக்கிறாங்க," என்று சொல்லித் தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மதியத்துக்குள் படிக்கட்டின் வலது பக்கம் வேறொருவன் மேசை போட்டிருந்தான். நல்ல வேகமான கை.

தையல்காரி வீட்டைக் காலி செய்யும் நாள் தெரிந்து நானே போனேன். தையல் இயந்திரத்தைத் தூக்கவாவது ஒரு கை கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பிரம்பு நாற்காலி சன்னல் பக்கத்தில் இருந்தது. எதிரில் பச்சை பீரோ. பீரோ மேல் ஓடாத கடிகாரம். நான் கோர்ட்டில் சொன்ன ஒரு சாமான்கூட இடம் மாறியிருக்கவில்லை.

தீர்ப்பை நிறைவேற்றக் கோர்ட்டிலிருந்து வந்த ஊழியரான அமீனா சாமான்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மகன் புதுப் பூட்டை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. "சட்டப்படிதானே அண்ணே எல்லாம்?" என்று என்னையே கேட்டார். நான் தலையாட்டினேன்.

தையல்காரி இயந்திரத்தைத் தானே சாக்கில் கட்டி வாசலுக்கு இழுத்து வந்துவிட்டாள். நான் பிடிக்கப் போனதும், "பரவாயில்லைண்ணே, பழகினதுதான்," என்றாள். சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"சாவி ஒப்படைச்சதுக்கு ரெண்டு சாட்சி வேணும்," என்றார் அமீனா. அண்ணன் மகனோடு வந்தவர் ஒன்று போட்டார். இன்னொன்றுக்கு அமீனா ஆளைத் தேடி வெளியே பார்த்தார். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அமீனாவின் கண் என் மேல் விழுந்தது. என்னைத் தெரியாதவர்கள் கோர்ட்டில் யார் இருக்கிறார்கள்? "அட, நீங்க இருக்கீங்களே," என்று தாளை நீட்டினார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வேற யாரையாவது..."

"போடுங்கண்ணே," என்றாள் தையல்காரி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க போடலைன்னா இவரு நாளைக்கு வருவாரு. நான் இன்னொரு தடவை சாவியை வைக்கணும். இந்தத் தடவை நீங்க பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். சாவியில் கட்டியிருந்த சிவப்பு நூல் வரைக்கும் பார்த்தேன். பேனாவை வாங்கி, 'நேரில் பார்த்தேன்' என்ற வரிக்கு அடியில் போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது.

தாளை அமீனாவிடம் நீட்டினேன். தையல்காரி தடுத்தாள்.

"மணியையும் எழுதிடுங்கண்ணே. டீச்சர் அப்படித்தான் எழுதுவாங்க."

பீரோ மேலிருந்த கடிகாரம் ஓடவில்லை. அமீனாவின் கைக்கடிகாரத்தைக் கேட்டுப் பார்த்து, காலை 10.40 என்று எழுதிக் கொடுத்தேன்.