கிழக்குப் பக்கத் தண்டவாளம்

உமர் பாரூக் மாட்டிய மோட்டார் கூரையைப் பாதி வரைக்கும் இழுத்துப்போய் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. இதோடு மூன்றாவது முறை. கேட்டுகளுக்கு மோட்டார் மாட்டுவதுதான் அவருக்குத் தொழில். சூலூரிலிருந்து பல்லடம் வரைக்கும் எத்தனையோ பங்களாக் கேட்டுகளைத் தானாகத் திறக்க வைத்தவர், எங்கள் புழக்கடைத் தகரக் கூரையிடம் தோற்றுப்போய் ஏணியில் நின்றிருந்தார். கீழே என் வீட்டுக்காரர் லட்சுமணசாமி, கையில் ரிமோட்டோடு. நான் இடுப்பு வலிக்கு டாக்டர் கொடுத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அது அவர் வானம் பார்க்கிற அறை. பம்பு கம்பெனி டெஸ்டிங்கில் வேலையாக இருந்த காலத்திலேயே கட்டியது. நான்கு பக்கமும் தலை உயரத்துக்கு ஹாலோபிளாக் சுவர், நடுவில் டெலஸ்கோப், மேலே தகரக் கூரை. கூரையின் இரண்டு ஓரத்திலும் கேட்டுக்குப் போடுகிற இரும்புச் சக்கரங்கள், தள்ளுவதற்கு வெளியே இடுப்பு வரைக்கும் தொங்கவிட்ட கம்பிச் சட்டம். பொழுது சாய்ந்ததும் கூரையைத் தண்டவாளத்தின் மேல் தெற்கே தள்ளிவிட்டால் முழு வானமும் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் கோணிக்கொண்டு சிக்கிவிடும். அதனால் வெளியே நின்று தள்ள இரண்டு பேர் வேண்டும். மேற்கே அவர், கிழக்கே நான். மகள் பிரவீனா பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் இருந்ததே அந்த இரண்டு பேர்தான்.

பகலெல்லாம் திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் மேசை முன்னால் நின்றுவிட்டு, பஸ்ஸிலும் பாதி தூரம் நின்றுகொண்டே வந்து சேருவேன். டீ போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிழக்குப் பக்கம் போவேன். நடுவில் சுவர் என்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "ரெடியா அம்மணி?" என்பார். "ம், தள்ளுங்க" என்பேன். பாதி வழியில் ஓரிடத்தில் கூரை மக்கர் பண்ணும். "ஏனம்மணி, மத்தியானம் சோறு தின்னியா இல்லியா?" என்று அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வரும். தோளைக் கொடுத்து, இடுப்பைக் கொடுத்து முட்டுவேன். கடக்கென்று தாண்டும். அவரும் இப்படித்தான் முட்டுகிறார், வாய் திறக்காமல் செய்கிறார், நான்தான் நோஞ்சான் என்று நினைத்துக்கொள்வேன். அவர் பார்க்கிற சனியும் வியாழனும் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. ஒரு தரம் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது, உலை கொதிக்கிறதென்று வந்துவிட்டேன்.

இந்த வருஷம் டாக்டர், கனமாக எதையும் தள்ளவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதே சமயத்தில் வீட்டுக்குப் புதுச் சாமான்கள் வந்து இறங்கின. நட்சத்திரம் நகர நகரத் தானும் திரும்புகிற தாங்கி, படத்தை ஹாலில் இருக்கிற லேப்டாப்புக்கு அனுப்புகிற கேமரா. யானையை வாங்கியவர் அங்குசத்துக்கா யோசிப்பார், கூரைக்கும் மோட்டார் சொல்லிவிட்டார். "இனி நீ தள்ளவே வேண்டாம் அம்மணி, நானும் பனியில நிக்க வேண்டாம்" என்றார். எத்தனை நாள் புலம்பியிருப்பேன், சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாள் முழுவதிலும் அவர் என்னிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த ஒரே கேள்வி அந்த 'ரெடியா'தான். அதுவும் போய்விட்டால் அவர் லேப்டாப் முன்னால், நான் டிவி முன்னால், அவ்வளவுதான் மிச்சம் என்று பயமாக இருந்தது.

உமர் பாரூக் ஏணியைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய் வைத்து ஏறி, தண்டவாளத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். நடுவில் விரல் நின்றது.

"சார், இங்க வந்து பாருங்க. தண்டவாள ஆங்கிள் நீளம் பத்தாம துண்டு வெச்சு ஒட்டீருக்காங்க. வெல்டிங் புடைச்சுட்டு நிக்குதுங்க. மோட்டாரே இதுல ஏற மாட்டீங்குது. கையில எப்படிங்க தள்ளுனீங்க?"

"மேக்கால அப்படி இல்லீங்களே. அது வழுக்கீட்டுப் போகுமுங்களே" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். என் பெல்ட்டைப் பார்த்தார்.

"கிழக்கால இப்படி இருக்குதுன்னு ஏன் கோமளா சொல்லவே இல்ல?"

"மேக்கால, அக்கட்டாலயும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சனுங்க."

உமர் பாரூக் எங்கள் இருவரையும் பார்க்காமல் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டார். "கிரைண்டர் வெச்சு அந்தப் புடைப்ப ராவுனா ஒரு டீ குடிக்கற நேரந்தானுங்க அக்கா. காலைல கொண்டுட்டு வாரேனுங்க" என்று ஆறுதலாகச் சொன்னார். கூரையை மூடி, கையால் தள்ளுவதற்குத் தோதாக மோட்டாரைக் கழற்றி விட்டுவிட்டுப் போனார்.

ஒரு டீ குடிக்கிற நேரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளர்களைச் சத்தமாகவே கழுவினேன். யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்காத அவர் மேலா, எல்லாருக்கும் இப்படித்தான் என்று இத்தனை காலம் முட்டிக்கொண்டிருந்த என் மேலா?

பொழுது சாய்ந்ததும் புழக்கடை வாசலில் வந்து நின்றார். "கோமளா, சித்த வா."

இன்றைக்குமா என்று பார்த்தேன்.

"நீ அக்கட்டால போ. நான் இக்கட்டால நின்னுக்கறேன். நீ தள்ள வேண்டாம், கோணாம கைய மட்டும் வெச்சுக்க."

மேற்குப் பக்கம் நான் வந்து நின்றதே இல்லை. சுவரடித் திட்டின் மேல் வட்டம் வட்டமாகக் கறை. குனிந்து பார்த்தேன். டீ டம்ளர் வைத்த தடம். பாதி டம்ளரை அங்கே வைத்துவிட்டு, தள்ளிவிட்டு வந்து மீதியைக் குடித்திருக்கிறார். டீ ஆறிக்கூட இருந்திருக்காது. கூரை விளிம்பில் கையை வைத்தேன். எங்கள் வீட்டு பீரோக் கதவுகூட இவ்வளவு லேசாகத் திறக்காது. கூரை என் கையை இழுத்துக்கொண்டு தெற்கே போனது, பாதி தூரம். அங்கே நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்பு மண்ணில் அரைபடும் சத்தம். ஒரு முட்டு. கூரை அசையவில்லை. இன்னொரு முட்டு. மத்தியானம் சோறு தின்னீங்களா என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. கொஞ்சம் தள்ளிக்கொடுக்கலாம் என்று கை தானாக இறுகியது, நான் அதைத் தளர்த்திக்கொண்டேன்.

"கோமளா," என்றது குரல். "இருக்கறியா?"

"இருக்கறனுங்க."

பாதி திறந்த கூரையின் இடைவெளிக்கு மேலே ஒரு நட்சத்திரம் வந்திருந்தது. அவர் மறுபடி தோளைக் கொடுத்தார். என் உள்ளங்கைக்குக் கீழே தகரம் அதிர்ந்தது, நின்றது, திரும்ப அதிர்ந்தது.