சோபாவில் உட்கார்ந்த சப்வூஃபர்

பல் டாக்டர் வீட்டுக்கு ஓர் ஆபத்து வந்துகொண்டிருந்தது. அது பீரோ உயரத்தில், ஜோடியாக, மச்சான் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மரச்சாமான் கடைக்காரர். எதையும் பெரிதாகவே செய்து பழகியவர். அவர் வீட்டு ஹாலில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்களையும் பீரோ என்று நினைத்துக் கைப்பிடியைத் தேடியவர்கள் உண்டு. அவற்றைவிடப் பெரிதாக வாங்கப்போவதாகவும், பழையதைத் தங்கைக்கே கொடுத்துவிடப்போவதாகவும் அவர் அறிவித்திருந்தார். அண்ணன் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. தங்கை கணக்கு டீச்சர். அந்த ரெண்டும் உள்ளே வந்தால் நாம் வெளியேதான் நிற்கணும், அண்ணன் மனசு நோகாமல் நீங்களே தடுத்துடுங்க என்று கணவரிடம் சொல்லிவிட்டாள்.

டாக்டருக்கு ஒலியைப் பற்றி எல்லாம் தெரியும். அதாவது, தெரிந்த மாதிரி பேசத் தெரியும். சின்ன ஸ்பீக்கர் அஞ்சும், 'பேஸ்' என்கிற அடிச்சத்தத்துக்கென்று ஒரு சப்வூஃபரும் இருந்தால் உங்கள் பீரோ ரெண்டும் வாயைப் பொத்திக்கொள்ளும் என்று போனில் மச்சானிடம் சவால் விட்டார். அதையும் பார்த்துடலாம், ஞாயிற்றுக்கிழமை வர்றேன், எனக்குப் பிடிக்கலேன்னா மறுநாளே என் பழசை ஏத்திக்கிட்டு வேன் வரும் என்றார் மச்சான்.

ஸ்பீக்கர் கடையில் டாக்டர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொத்தைப் பல்லைத் தேடுகிறவர்போல நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, "இதுல குரல் கொஞ்சம் ஈறு வீங்கின மாதிரி இருக்கு" என்றார். கடைக்காரர் பணிவாகத் தலையாட்டினார். அந்த ஸ்பீக்கரை அவர் இன்னும் ஆன் செய்யவில்லை.

டீச்சர் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாள். இரண்டு பேர் பேசும் காட்சியைப் போடச் சொல்லி, பேச்சு புரிகிறதா என்று மட்டும் பார்த்தாள். காபி டப்பா அளவில் ஐந்து ஸ்பீக்கர்கள், ஸ்டூல் அளவில் ஒரு சப்வூஃபர் என்று முடிவும் செய்தாள். "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் டாக்டர்.

ஞாயிறு காலை வம்பு ஆரம்பித்தது. டி.வி. பக்கத்து மூலையில் வைத்தால், சப்வூஃபர் படத்தில் வரும் மத்தளத்துக்கும் 'பொம்', இடிக்கும் 'பொம்', யாராவது கதவைச் சாத்தினாலும் 'பொம்' என்றது. ஜன்னல் பக்கம் வைத்தால் சத்தமே ஊருக்குப் போய்விட்டது. டாக்டர் இணையத்தில் ஒரு வழி படித்திருந்தார். நாம் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை உட்காரவைத்துவிட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். எங்கே நன்றாகக் கேட்கிறதோ அதுதான் அதன் இடம். "இது விஞ்ஞானம்" என்று அறிவித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று திரைச்சீலைகளை இழுத்துவிட்டார். கதவைத் தாழிட மறந்தார்.

மச்சான் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துவிட்டார். சோபா நடுவில் சம்பந்தி மாதிரி ஒரு கருப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, கன்னத்தைத் தரைக்குக் கொடுத்தபடி, பேர்பெற்ற பல் டாக்டர். தங்கை நாற்காலியில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, எதைத் தொலைச்சீங்க?"

"பேஸ், மச்சான்" என்றார் டாக்டர், எழுந்திருக்காமலே. எழுந்தால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

கதை முடிந்தது, வேன் வரப்போகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, மச்சான் செருப்பைக் கழற்றினார். நடு ஹாலில் தேடினால் எப்படிக் கிடைக்கும், சுவரோரமாகப் போங்க, மரத்தோட பழகினவன் சொல்றேன் என்று அவரும் கைகளை ஊன்றி இறங்கினார். வலது பக்கம் என்றார் ஒருவர், இடது பக்கம் என்றார் மற்றவர். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இரண்டு தலைகளும் மோதிக்கொண்டன. "அண்ணா, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுத் தங்கை அடுத்த கடலையை உரித்தாள்.

இஸ்திரி போடாத துணிக் கூடைக்குப் பக்கத்தில் இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். மத்தளம் மத்தளமாகவும் இடி இடியாகவும் கேட்டது.

"நல்ல தேக்கைத் தட்டின மாதிரி இருக்கு" என்றார் மச்சான் மெதுவாக.

துணிக் கூடை பதவி இழந்தது. சப்வூஃபர் அங்கே குடியேறியது. படத்தில் குதிரைகள் வந்தபோது மச்சான் காலைத் தூக்கிச் சோபாமேல் வைத்துக்கொண்டார். கதாநாயகி கிசுகிசுத்ததுகூட அவருக்குப் புரிந்தது. உங்க காது சாதாரணக் காது இல்லை மாப்பிள்ளை என்று பாராட்டினார். டாக்டர் அடக்கமாகக் காதைத் தடவிக்கொண்டார். டீச்சர் கூரையைப் பார்த்தாள்.

"பெரிசு வேணாம். நானும் இதையே வாங்கிடறேன்" என்றார் மச்சான். "பாவம், என் பழசு ரெண்டும் அனாதையாயிடும். நீங்கதான் வச்சுக்கணும்."

ஜெயித்த டாக்டரின் முகம் மயக்க ஊசி போட்ட கன்னம்போல் தொங்கியது.

"க்ளினிக்குக்கு அனுப்பிடுங்க அண்ணா" என்றாள் டீச்சர், நிதானமாக. "ட்ரில் சத்தம் கேட்டு வெளியில உட்கார்ந்திருக்கறவங்க பாதிப் பேர் ஓடிடறாங்க. இதுல பாட்டு போட்டா அது கேட்காது."

இப்போது யாரும் ஓடுவதில்லை. சிலர் மட்டும் எழுந்துபோய்க் கைப்பிடியைத் தேடுகிறார்கள்.

அடுத்த வாரமே மச்சான் போன் செய்தார். பெட்டி வந்து இறங்கியாச்சு, சோபாவில் உட்காரவச்சாச்சு, மாப்பிள்ளை வந்தால் தவழ ஆரம்பிக்கலாம் என்றார். டாக்டர் பழைய பேண்ட்டை எடுத்து மாட்டினார். டீச்சர் ஒரு பெரிய பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டாள்.