நாற்காலியில் போட்ட துண்டு

"காலரைச் சரி பண்ணு, மம்மி" என்றார் தியோதுலோ கதல்பாஸ், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் மனைவி பெர்பெத்துவா சரி செய்தாள். அன்னாசி நாரில் நெய்த பரோங் சட்டை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் காலரை அவள்தான் சரி செய்கிறாள். கை தானாகவே போகும். இன்று வாய்தான் புதிதாக ஒன்று சொன்னது.

"டாடி, நான் துணை மேயருக்கு நிக்கப்போறதில்ல."

"நிக்க வேணாம். உக்காந்தே கையெழுத்துப் போடு. அந்தத் தேர்தல் ஆபீஸ் பொண்ணு நாற்காலி போடும்."

"விளையாடாதீங்க. போன வாரமே சொன்னேன்."

"எப்போ?"

"நீங்க சேவலைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தப்போ."

"அப்போ சொன்னா சேவலுக்குத்தான் கேட்டிருக்கும்!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு அவர் வாசல் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டுக் கத்தினார். "டெடி! பேண்டு வாத்தியம் வந்தாச்சான்னு பாரு. பாதிரியார் காத்துக்கிட்டு இருப்பார்!"

மேசையில் பூண்டு சாதமும் பொரித்த கருவாடும் ஆறிக்கொண்டிருந்தன. பெர்பெத்துவா உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. காது கொடுக்காதது அவள் குற்றமில்லை.

சட்டம் சுலபமானது. ஒருவர் தொடர்ந்து மூன்று தவணைதான் மேயராக இருக்கலாம். தவணைக்கு மூன்று வருடம். அது முடிந்தால் எழுந்துவிட வேண்டும். ஒரு தவணை வெளியே இருந்துவிட்டு, வேண்டுமானால் மறுபடி வரலாம். ஒரே குடும்பம் ஊரை வளைத்துப் போடக் கூடாதென்று யாரோ நல்ல மனதோடு எழுதிய சட்டம். ஆள் எழுந்திருக்க வேண்டும் என்று எழுதியவர்கள், வீடு எழுந்திருக்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

அதனால் அவர்களுடைய ஊரான சாந்தா ருஃபினாவிலும், அந்தக் கடற்கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வடக்கே பக்கத்து ஊரில் மேயர் எழுந்ததும் தம்பி உட்கார்ந்தான். தெற்கே மகன் உட்கார்ந்தான். பிரசார மேடையில் அவன் பேச வேண்டியதை அப்பாவே பேசினார். மற்ற இடங்களில் எல்லாம் மனைவி. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல் மேயர்கள் மனைவியைப் போட்டு நாற்காலியைப் பிடித்தார்கள். துண்டிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

மூன்று வருடத்துக்கு முன், தியோதுலோவின் மூன்று தவணையும் முடியப்போனபோது, பெர்பெத்துவாவிடமும் யாரும் கேட்கவில்லை. அப்போது அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். சந்தைக்குப் போகிற வழியில் ஒரு விளம்பரத் தட்டியைப் பார்த்தாள். அதில் கணவரின் முகம் யானை அளவுக்கு இருந்தது. அவர் தோளுக்குக் கீழே, பாஸ்போர்ட் படம்போல், அவள். தான் மேயர் தேர்தலில் நிற்பது அவளுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

ஜெயித்தாள். அந்த ஊரில் கதல்பாஸ் என்ற பெயரில் சேவல் நின்றாலும் ஜெயித்திருக்கும்.

முதல் வருடம் அவள் கையெழுத்துப் போட்டாள். தியோதுலோ பக்கத்து அறையில் 'ஆலோசகர்' என்ற பெயரில் உட்கார்ந்து, எதில் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மற்ற நேரத்தில் காப்பிக் கடையில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தைத் திட்டினார். "தென்னை காய்க்கவே ஏழு வருஷம் ஆகுது. ஒன்பதாவது வருஷம் வெட்டுன்னு சொல்றான். இவனெல்லாம் தென்னையப் பாத்திருப்பானா?" காப்பிக்குக் காசு அவர்தான் கொடுப்பார் என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

இரண்டாம் வருடம் நவம்பரில் புயல் வந்தது. தியோதுலோ பக்கத்துத் தீவில் சேவல் சண்டைக்குப் போயிருந்தார். கப்பல்கள் நின்றுவிட்டன.

கடலோரக் குடிசைகள் எல்லாம் பறந்து, ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து நிறைந்தார்கள். நகராட்சிக் கிடங்கில் நிவாரண அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. கிடங்குக்காரன் கஸிமிரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றான்.

"ஸ்டிக்கர் இன்னும் வரல, மேடம்" என்றான்.

"என்ன ஸ்டிக்கர்?"

"மேயர் படம் போட்ட ஸ்டிக்கர். மூட்டைக்கு ஒண்ணு ஒட்டணும். மாகாணத் தலைநகர்ல அச்சடிச்சு ரெடியா இருக்காம். ரோடுதான் இல்ல."

"மேயர் நான்தானே, கஸிமிரோ?"

"நீங்கதான் மேடம்" என்றான் அவன் பணிவாக. "நான் சொன்னது மேயரை."

தியோதுலோ மேயராக இருந்த காலத்தில் வந்த புயலில் அரிசி இப்படித்தான் இரண்டு நாள் ஸ்டிக்கருக்காகக் காத்திருந்தது. குழந்தைகள் பச்சை வாழைக்காயைக் கடித்துவிட்டு, வயிற்றுப்போக்கில் அவளுடைய வகுப்பறைத் தரையில்தான் சுருண்டு கிடந்தார்கள். அதில் ஒரு பெண் குழந்தை பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை. வருகைப் பதிவில் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்தவள் பெர்பெத்துவா.

"சாவியைக் குடு" என்றாள். நாலாம் வகுப்பில் பிரம்பைக் கேட்கிற குரல். கஸிமிரோவும் அந்த வகுப்பில் படித்தவன்தான். கொடுத்துவிட்டான்.

பள்ளிக்கூட வராந்தாவில் மூட்டைகள் கைமாறின. ஒரு கிழவர் தன் மூட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"படத்தைக் காணோமே டீச்சர். இது நல்ல அரிசிதானா?"

"வேகவெச்சுப் பாருங்க, தாத்தா."

முகம் இல்லாத அரிசியும் வெந்தது. சாந்தா ருஃபினாவில் பலருக்கு அது ஒரு கண்டுபிடிப்பாகவே இருந்தது.

கப்பல் ஓடத் தொடங்கியதும் தியோதுலோ வந்து சேர்ந்தார். கூரை போன வீடுகளைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார். கிடங்கைப் பார்த்ததும்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டிக்கர் ஒட்டாமலா குடுத்தே? யார் குடுத்தாங்கன்னே தெரியாம தின்னுட்டாங்களே, மம்மி!"

"பசியோட இருந்தாங்க. முகவரி கேக்கல."

மறுநாள் ரோடு திறந்து ஸ்டிக்கர் வந்தது. வீணாக்க அவருக்கு மனமில்லை. ஆட்களை வீடு வீடாக அனுப்பிக் காலி மூட்டைகளில் ஒட்டச் சொன்னார். ஒரு குழந்தை மழைக்குப் போர்த்திக்கொண்டிருந்த சாக்கின் மேலும் அவர் முகம் ஒட்டப்பட்டுச் சிரித்தது.

அந்தக் குழந்தையைப் பார்த்த அன்றுதான் பெர்பெத்துவா முடிவு செய்தாள். இவர் திரும்பி வந்து உட்கார்ந்தால், அடுத்த புயலிலும் அரிசி அச்சகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். அன்று முதல் தன் முன்னால் வைத்த எதையும் படிக்காமல் அவள் கையெழுத்துப் போடவில்லை. ஆலோசகர் அறையில் ஆலோசனை கேட்க ஆள் வருவது குறைந்தது. தியோதுலோ அதைக் கவனிக்கவில்லை. இன்னும் ஒரு வருடம்தானே, நாற்காலி எங்கே போய்விடும்?

இன்று அந்த ஒரு வருடம் முடிந்து, அக்டோபரில் வேட்புமனு போடுகிற நாள்.

பூசை முடிந்து, பேண்டு முழங்க, எல்லோரும் ஒரே பச்சை நிறச் சட்டையில் ஊர்வலமாகத் தேர்தல் அலுவலகத்துக்கு வந்தார்கள். தியோதுலோ மேயருக்கு, பெர்பெத்துவா துணை மேயருக்கு, மகன் டெடி கவுன்சிலுக்கு. குடும்பமாக வந்து குடும்பமாக மனுப் போட்டுக் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்து மரபு. சர்க்கஸ் பார்க்கப் போனாலும் அவ்வளவு ஒற்றுமையாகப் போக மாட்டார்கள்.

தியோதுலோ முதலில் கொடுத்தார். கைதட்டல். பெர்பெத்துவா தன் கைப்பையிலிருந்து தன் மனுவை எடுத்துக் கொடுத்தாள். குடும்ப வக்கீல் தயாரித்தது அல்ல. அடுத்த ஊர் நோட்டரியிடம் அவளே போய்ச் சத்தியம் செய்து வாங்கியது. தேர்தல் அதிகாரி லாக்ரிமாஸ் என்ற இளம்பெண் அதை வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"மேடம்... பதவி மேயர்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"அவசரத்துல தப்பா எழுதிட்டா" என்று சிரித்தார் தியோதுலோ. "டீச்சரம்மாவுக்கே தப்பு வருது பாருங்க! திருத்திக் குடு, மம்மி."

"தப்பா எழுதல, டாடி. காலையிலயும் சொன்னேன்."

பேண்டுக்காரர்களில் தாளம் தட்டுகிறவனுக்கு மட்டும் விஷயம் எட்டவில்லை. அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.

"மம்மி," டெடி காதருகே குனிந்தான். "கேமரா பாக்குது. துணைன்னு சொல்லிடுங்க. வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல பேசினேன்டா. உங்கப்பாவுக்குக் கேக்கல. இங்க மைக் இருக்கு."

"இது செல்லாது!" தியோதுலோ மேசையைத் தட்டினார். "ஒரே வீட்டுல ரெண்டு பேர் ஒரே பதவிக்கா? சட்டம் என்ன சொல்லுது?"

லாக்ரிமாஸ் மனுவை மேசை மேல் வைத்தாள். "ஒரு ஆள் தொடர்ந்து மூணு தவணைதான் இருக்கலாம்னு சொல்லுது, சார். மேடத்துக்கு இது ரெண்டாவதுதான். வீட்டைப் பத்தி... சட்டத்துல ஒண்ணும் இல்ல, சார்."

வீட்டைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. மூன்று வருடமாக அவரைக் காப்பாற்றிவந்த ஓட்டை அது. அதன் வழியாகத் தன் மனைவியும் நுழைய முடியும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

வெளியே உள்ளூர் வானொலிக்காரன் மைக்கோடு காத்திருந்தான். தியோதுலோ அதை ஏறக்குறையப் பிடுங்கினார். அப்புறம் அவர் பேசிய பேச்சை ஊரே வீட்டு வாசலில் நின்று கேட்டது.

"மக்களே! பதவிங்கிறது ஒருத்தரோட சொத்து இல்ல. உக்காந்தவங்க எழுந்திருக்கத் தெரிஞ்சிருக்கணும். மூணு வருஷம் போதும்! அதுக்கு மேல இருந்தா அதிகாரம் தலைக்கு ஏறும், உறவுக்காரங்க உள்ள வருவாங்க, ஊர் கெட்டுப்போகும்!"

வானொலிக்காரன் சின்னப் பையன், பயம் தெரியாதவன். "ஆனா நீங்க ஒன்பது வருஷம் இருந்தீங்களே, சார்?"

"அது வேற. எனக்கு அனுபவம் இருந்துச்சு."

"அனுபவம் எப்படி வந்துச்சு, சார்?"

"இருந்துதான் வந்துச்சு!"

"அப்போ மேடத்தையும் இருக்கவிட்டா..."

"மைக்கை எடு" என்றார் தியோதுலோ.

வீட்டில் இருநூறு பேருக்கு விருந்து. முழுப் பன்றி பொன்னிறமாகச் சுட்டு வாழையிலை மேல் படுத்திருந்தது. வார்டுத் தலைவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே சாப்பிட்டார்கள். தியோதுலோ பார்க்கும்போது அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பெர்பெத்துவா பார்க்கும்போது அவளைப் பார்த்து. நடுவில் பன்றித் தோல் மொறுமொறுவென்று உடையும் சத்தம் மட்டும் கேட்டது.

தியோதுலோ சாப்பிடவில்லை. சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். பரோங் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அவர் குரல் தணிந்து வந்தது.

"என்ன வேணும் உனக்கு? நான் உன்ன அடிச்சேனா? வேற பொம்பள கிட்டப் போனேனா?"

"இல்ல, டாடி. நல்ல புருஷன்தான் நீங்க. மேயராத்தான் நல்லா இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு கிண்ணத்தில் சூடாகச் சூப்பு ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். மனு மனுதான், பசி பசிதான்.

"வாபஸ் வாங்கிடு, பெர்ப்பி" என்றார். "நாளைக்குக் காலையில போலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"மாட்டேன்."

"ஊர் சிரிக்கும். அதை யோசிச்சியா? பெரிய குடும்பம்னு பேர் எடுத்து, கடைசியில புருஷனும் பொண்டாட்டியும் ஓட்டுக்கு அடிச்சுக்கிறாங்கன்னு ஊரே சிரிக்கும்!"

பெர்பெத்துவா அகப்பையைக் கழுவி மாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிக்கட்டும், டாடி. கதல்பாஸ் வீட்டுல ஒருத்தர் தோக்கிறதைப் பாக்க இந்த ஊர் பன்னிரண்டு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கு. வேற யாரும் நம்மள எதிர்த்து நிக்க முடியாம பண்ணிட்டோம். நாமளாவது நிப்போம்."