கிளிப் போட்ட அத்தியாயம்

குன்வோர் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் போட்டபோது தூர்டிஸ் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அட்டையைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பனி மூடிய கூரை, அதில் புகை வராத புகைபோக்கி. கீழே சிவப்பு எழுத்தில் 'மூடிய தகடு'. எழுதியவர் ஈ. மிர்வோல்.

அந்த ஈ. மிர்வோல் வேறு யாருமில்லை, தூர்டிஸ்தான். அவளைத் தவிர இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஓஸ்லோவில் பதிப்பகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள். பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும் கணவன் ஹால்வருக்குக்கூடத் தெரியாது. அவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் புனைபெயரே.

"மிர்வோலா? யாரு இது, பேரே கேள்விப்பட்டதில்லையே" என்றான் ஹால்வர்.

"அதானே நமக்கு வேணும்!" குன்வோருக்கு ஒரே குஷி. அவள் ஹால்வரின் அக்கா. "முதல் புத்தகமாம். கடைக்காரப் பொண்ணுக்கே யாருன்னு தெரியல. அடித்தட்டுல தூசி படிஞ்சு கிடந்துச்சு. தட்டி எடுத்துட்டு வந்தேன்."

ஊரே ஈஸ்டருக்கு மலையேறிக் கொலைக் கதை படிக்கும். பால் பாக்கெட்டில்கூடத் துப்பறியும் கதை அச்சடித்து விற்கிற தேசம் இது. ஆனால் இந்தக் குடும்பத்தைப் போல அதை ஒரு சடங்காகவே ஆக்கியவர்கள் குறைவு. பெரிய வியாழன் அன்று மலைக்குடிலில் நாலு பேரும் கூடுவார்கள்: ஹால்வர், தூர்டிஸ், குன்வோர், அவள் புருஷன் ஓட்மார். அந்த வருஷம் யார் முறையோ அவர் ஒரு புத்தகம் கொண்டுவர வேண்டும். நாலு பேரில் ஒருவரும் இதுவரை படித்திராத புது எழுத்தாளராக இருக்க வேண்டும். கொண்டுவந்தவரும் படித்திருக்கக் கூடாது. கடைசி அத்தியாயத்தை மொத்தமாகச் சேர்த்துத் துணி கிளிப் ஒன்றை மாட்டிவிடுவார்கள். சத்தமாக வாசித்துக்கொண்டே போய், கிளிப் வந்ததும் நிறுத்தி, கொலைகாரன் யார் என்று நாலு பேரும் சொன்ன பிறகுதான் கிளிப்பைக் கழற்றலாம். சரியாகச் சொன்னவருக்கு வெளிக் கழிப்பறை வாளியைத் தூக்கும் வேலை கிடையாது. இந்தப் பரிசுக்காக இவர்கள் போட்டுக்கொண்ட சண்டைகளைச் சொன்னால் வெட்கக்கேடு.

"யாராவது படிச்சிருக்கீங்களா? இப்பவே சொல்லிடுங்க" என்று குன்வோர் வழக்கப்படி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டாள். படித்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் போதும், புத்தகம் பைக்குள் போய்விடும். பதிலுக்கு வேறொன்று வரும்.

தூர்டிஸ் வாயைத் திறந்தாள். தப்பிக்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு நொடிதான். ஆனால் அடித்தட்டும் தூசியும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தன. புத்தகம் வந்ததிலிருந்து ஒரு பத்திரிகையும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ரயிலில், பேருந்தில், எங்கேயும் யார் கையிலும் அதைப் பார்த்ததில்லை. தான் எழுதிய வரிகள் இன்னொருவர் வாயில் எப்படி இருக்கும் என்று கேட்கத் தோன்றிவிட்டது. கேவலமான ஆசைதான். யாருக்கு இருக்காது?

"இல்ல" என்றாள்.

குன்வோர் கிளிப்பை மாட்டினாள். தூர்டிஸுக்கு அது தன் விரல்மேல் மாட்டியதுபோல இருந்தது.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் எழுந்தால் ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. மலைச்சாலையில் தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டார்கள், இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன என்று வானொலி சொன்னது. சாலையே மூடிய பிறகு, பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு அங்கே வரை போய்ச் சேர்ந்துதான் என்ன புண்ணியம்? ஓட்மார் வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும் கயிறு கட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு போனால்தான் திரும்பி வரலாம்.

"நல்லதாப் போச்சு. புத்தகத்தை எடு குன்வோர்" என்றான் ஹால்வர்.

குன்வோர் நன்றாக வாசிப்பாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகிய குரல். முதல் அத்தியாயத்திலேயே ஆள் வந்துவிட்டான், இரண்டாவது அத்தியாயத்தில் சாகப் போகிற ஆள். மலைக்குடிலின் சொந்தக்காரன். பழுப்புச் சீஸை நடுவில் குழி விழும்படி சீவினால் விருந்தாளி என்றுகூடப் பார்க்காமல் கத்துபவன். சறுக்குக் கட்டைக்கு மெழுகு தடவ வேறு யாரையும் விடாதவன். அடுப்புக் குழாயில் இருக்கும் இரும்புத் தகட்டைத் தன்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பவன். தணல் இருக்கும்போதே அந்தத் தகட்டை மூடினால் நச்சுக்காற்று வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும், தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அது உண்மைதான். ஆனால் அதைத் தன்னால் மட்டுமே புரிந்துகொள்ள முடியும் என்று நினைப்பவன். பெண்டாட்டி எதைத் தொட்டாலும் அவன் சொல்லும் ஒரே வாக்கியம்:

"'விடு, உனக்கு வராது'" என்று குன்வோர் வாசித்தாள்.

தூர்டிஸ் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் தூக்கவே பயமாக இருந்தது.

ஹால்வர் தொடையில் தட்டிச் சிரித்தான். "பிரமாதம்! இவன் யாருன்னு தெரியுதா? அப்படியே நம்ம ஓட்மாரு!"

"நானா? நான் என்னைக்குய்யா சீஸுக்குச் சண்டை போட்டேன்?" என்றான் ஓட்மார்.

"சீஸை விடு. மத்ததெல்லாம் நீதான். ஆனா சீஸ் விஷயத்துல அவன் சொல்றது நியாயம்."

அடுப்பு அடங்கிக்கொண்டிருந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று தூர்டிஸ் எழுந்து ஒரு விறகுக்கட்டையை எடுத்தாள். ஹால்வர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.

"விடு, உனக்கு வராது. நீ படி குன்வோர்."

குன்வோர் உடனே படிக்கவில்லை. ஓட்மார் ஒருமுறை ஹால்வரைப் பார்த்தான், பிறகு தூர்டிஸைப் பார்த்தான், பிறகு தன் காப்பியைப் பார்த்தான். நல்ல மனுஷன், ஆனால் சண்டை என்றால் நாலு ஊர் தள்ளி நிற்கிற ரகம்.

தூர்டிஸ் எதற்குப் பயந்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவன் கோபப்படுவான் என்று அவள் பயப்படவில்லை. கோபம் வந்தால் வரட்டும். கல்யாணமான நாளிலிருந்து கார் ஓட்டுவது, மீன் சுத்தம் செய்வது, வரவேற்பறைக்கு வண்ணம் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக அவன் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லி வாங்கிக்கொண்டுவிட்டான். முரட்டுத்தனமாக அல்ல, அன்பாகத்தான். அதனால்தான் திருப்பி ஒன்றும் சொல்ல முடியாமல் போயிற்று. அந்த வார்த்தை விழாமல் அவளிடம் மிச்சம் இருந்தது இந்த எழுத்து ஒன்றுதான். தெரிந்தால் அட்டையைத் திருப்பிப் பார்த்து, சிரித்து, அதற்கும் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் அவளால் இன்னொரு வரி எழுத முடியாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

சனிக்கிழமையும் காற்று விடவில்லை. பாதிக் கதை தாண்டிவிட்டது. அவள் அரைமணிக்கொரு தரம் வானொலியைத் திருகினாள். தடுப்பு இறங்கியேதான் இருந்தது.

"ரோடு திறந்தா என்ன பண்ணப் போற? கொலைகாரன் யாருன்னு தெரியாம ஓடிடுவியா?" என்று குன்வோர் கிண்டலடித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தூர்டிஸ் புத்தகத்தை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டு மூடியைத் தூக்கினாள். வாளி காத்திருந்தது. கை நழுவிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் கையை விட்டு யார் எடுக்கப் போகிறார்கள்? இரண்டு விரலில் புத்தகத்தைத் தொங்கவிட்டுப் பிடித்தாள். பக்கங்கள் விரிந்தன. ஓரத்தில் ஆரஞ்சுச் சாறு பட்ட கறை, ஒரு பக்கத்தில் குன்வோர் மடித்த மூலை, இன்னொன்றில் காப்பித் துளி. வீட்டில் உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் பிரதிகள் எல்லாம் புத்தம்புதிதாக இருந்தன. இது ஒன்றுதான் படிக்கப்பட்ட பிரதி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெற்றதைக் கொண்டுபோய் யாராவது இதற்குள் போடுவார்களா?

"தூர்டிஸ்! புத்தகத்தை அங்க கொண்டுபோயி கிளிப்பைக் கழட்டிப் பாக்குறியா? திருட்டுக் கழுதை, வெளிய வா!" என்று குன்வோரின் குரல் காற்றைத் தாண்டி வந்தது.

அவள் மூடியை மூடிவிட்டு வந்தாள்.

சாயங்காலக் காப்பிக்கு முன்பே கிளிப் வந்துவிட்டது. குன்வோர் புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். காப்பி போட யாரும் எழுந்திருக்கவில்லை. கதை அவர்களை அப்படிப் பிடித்திருந்தது. ஹால்வர்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"எத்தனை வருஷமாப் படிக்கிறோம், இந்த மாதிரி ஒரு ஆளு மாட்டல. இவனுக்கு வருது, குன்வோர். எழுத்துன்னா என்னன்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அடுத்த புத்தகம் வந்தா நான் வரிசையில நின்னு வாங்குவேன்."

தூர்டிஸ் ஆரஞ்சுத் தோலைத் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் எதிர்பார்த்த வார்த்தை. வந்துவிட்டது, வேறொருவன் பெயருக்கு.

"சரி, யாரு கொலைகாரன்? நான் பக்கத்துக் குடில்காரியைச் சொல்றேன். அவ பார்வையே சரியில்ல" என்றாள் குன்வோர்.

"தம்பிக்காரன். சொத்துக்காக" என்றான் ஹால்வர்.

ஓட்மார் தாடையைச் சொறிந்தான். "தூர்டிஸ் சொல்லட்டும். நான் அப்புறம் சொல்றேன்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பக்கத்துக் குடில்காரி என்று அவளும் சொல்லிவிடலாம். கிளிப் கழலும், கதை முடியும், தடுப்புக் கம்பி தூக்கியதும் ஊருக்குப் போய்விடலாம். ஈ. மிர்வோல் அடித்தட்டுக்குத் திரும்பிப் போவான்.

"பெண்டாட்டிதான்" என்றாள்.

ஹால்வர் விழுந்து விழுந்து சிரித்தான். "பெண்டாட்டியா! அடி போடி! கதையைக் கேட்டியா இல்லையா? அவளுக்கு அடுப்பே பத்த வைக்க வராது. தகட்டை எப்ப மூடணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். ஒண்ணையும் தொட விடாம பெஞ்சுல உக்கார வச்சா, உக்காந்து பாத்துக்கிட்டேதான இருப்பா? பாத்துப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டா."

"அதெல்லாம் நடக்காது. இவ்வளவு கெட்டிக்காரன் போயும் போயும் அப்படி எழுதியிருக்க மாட்டான்."

"எழுதியிருக்கேன்" என்றாள் தூர்டிஸ்.

காற்று கூரையில் ஒருமுறை இடித்துவிட்டுப் போனது. ஹால்வரின் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு எங்கே போவது என்று தெரியாமல் போய்விட்டது.

"என்னது?"

"நான்தான் மிர்வோல். ஆபீஸ் போற ரயில்ல உக்காந்து எழுதினேன்."

"நீயா?" என்றான். "உனக்கு..."

பழக்கப்பட்ட வாய் பாதி தூரம் போய்விட்டது. அங்கேயே நின்றது. குன்வோர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடா. அவளுக்கு என்ன?"

ஹால்வர் வாயை மூடிக்கொண்டான். இவனுக்கு வருது என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவனே சொல்லியிருந்தான், இரண்டு சாட்சிகள் முன்னால்.

"நான் அப்படியா பேசுறேன்?" என்று கடைசியில் கேட்டான். குரல் சின்னதாக இருந்தது. ஓட்மார் பக்கம் திரும்பினான், அங்கே ஏதாவது உதவி கிடைக்குமா என்று.

"ஆமா" என்றான் ஓட்மார். "நானும் பெண்டாட்டின்னுதான் சொல்ல இருந்தேன்."

தணல் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் குளிர் ஏறுவது தெரிந்தது. தூர்டிஸ் எழுந்து அடுப்புக்குப் போனாள். பாதி திறந்திருந்த தகட்டின் பிடியைத் திருப்பி முழுசாகத் திறந்தாள், பிர்ச் மர விறகு இரண்டை எடுத்துச் சாய்த்து வைத்தாள், குனிந்து ஊதினாள். பட்டை சட்டென்று பற்றிக்கொண்டது. பின்னால் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் குன்வோர் புத்தகத்தை அவள் மடியில் வைத்தாள்.

"இதை நீயே படி."

ஹால்வர் எழுந்து வானொலிப் பக்கம் போய் நின்றான். அங்கிருந்து அடுப்புக் குழாயை, அந்தத் தகட்டை, பிறகு மனைவியைப் பார்த்தான்.

"ரோடு எப்ப திறப்பாங்களாம்?"

"திங்கக்கிழமைக்கு முன்னாடி இல்லையாம்" என்றான் ஓட்மார். "வந்து உக்காரு."

ஹால்வர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான், கதவுக்குப் பக்கத்தில். தூர்டிஸ் கிளிப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.