ஆறு ஆடுகள், ஆறு உரிமைகள்

"ஆறு ஆடு எழுதுனது நீங்கதானே மேடம்?" என்று மாடிப்படியின் அடியில் நின்றிருந்தவன் கேட்டபோது ஜெயசுதாவுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான். பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்த ஒரு நொடியை அவளால் இல்லையென்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. சின்னசேலம் ஸ்டேஷன் ரோட்டில், உரக்கடைக்கு மேலே நடக்கும் மாலை வகுப்புக்கு வழக்கம்போல ஐந்து ஐம்பதுக்கு வந்திருந்தாள். வயது இருபத்திரண்டு, பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. அவளை இதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அவனுக்கு முப்பது இருக்கலாம். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. கையில் போன், போனில் அவள் எழுதியது.

"நாந்தாங்க. சொன்னது வேற ஒருத்தங்க. நான் எழுதுனதோட சரி."

"சூப்பரா எழுதுறீங்க. எங்க அத்தை பையன் குரூப் ஃபோர் பரிட்சைக்குப் படிச்சிக்கினு இருக்கான். வாசல்ல உக்காந்து இத சத்தமா மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தான். காதுல வுழுந்திச்சி, சிரிச்சிட்டேன்." அவன் இப்போதும் சிரித்தான். "ஒதப்பிய வித்துட்டேன் மேடம். ஓடுகாலி இன்னும் இருக்குது. கட்டிப் போட்டிருக்கேன்."

ஜெயசுதா புரியாமல் பார்த்தாள்.

"அதுங்க எங்க வூட்டு ஆடுங்க. கல்யாணத்தப்ப அவங்கப்பன் மலையிலேர்ந்து ஓட்டி வுட்டது."

உரக்கடைக்காரர் மூட்டை ஒன்றைத் தள்ளி வைத்தார். அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு விளங்கியது. இவன் தமிழழகன். ஆடுகளைப் பற்றிச் சொன்ன செவ்வந்தியின் புருஷன்.

அந்த வகுப்பை நடத்துபவர் அன்புச்செல்வன் சார். பகலில் பள்ளி ஆசிரியர், மாலையில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வுப் பாடம். கரும்பு வெட்டப் போகிறவர்கள், ஜவ்வரிசி ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள் எல்லாம் வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே பெரிது. வராதவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று அவர் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கி, அன்றன்றைய பாடத்தை எழுதும் வேலையை ஜெயசுதாவிடம் கொடுத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறவள் அவள். தன் ஞாபகத்தை நம்பாததால் எல்லாவற்றையும் எழுதினாள். தேதி, வகுப்பு தொடங்கிய நேரம், வந்தவர்கள் எத்தனை பேர், யார் கேட்ட சந்தேகத்துக்கு என்ன பதில். பதிவை வெளியிட்ட பிறகும் மூன்று முறை படிப்பாள். எங்கோ ஒரு தப்பு இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். தப்பு இல்லையென்றால் அதைக் கண்டுபிடிக்கத் தனக்குத் தெரியவில்லை என்று தோன்றும்.

செவ்வந்தி ஆடி மாதத்தில் வந்து சேர்ந்தாள். கல்வராயன் மலைக்காரி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, கடைப் பெண்களோடு ஒரே அறையில் தங்கல். மூன்றாவது வாரம் தண்ணீர்க் குடத்தின் அருகே நின்று ஜாக்கெட் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்கு மேல் சூடு பட்ட தோல் சுருங்கி வழவழவென்று இருந்தது. "எம் புருசன் மூங்கில்துறைப்பட்டு பக்கம் இருக்கான். கரும்பு லோடு ஏத்துவான். அடிச்சிட்டு அழுவான், அதான் எனக்கு ஜாஸ்தி பயம்," என்றாள். "என் பேரு எங்கியும் வரக்கூடாது சுதா. போட்டோவுலயும் வுழக்கூடாது." அவளிடம் இருந்தது பட்டன் போன். ஜெயசுதா எழுதுவதை அவள் பார்த்ததே இல்லை, பார்க்கவும் கேட்டதில்லை. ஜெயசுதா பெயரைப் போடவில்லை. 'ஒரு தோழி' என்று மட்டும் எழுதினாள். படங்களில் செவ்வந்தி உட்காரும் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் போட்டாள். இந்த ஒரு விஷயத்தில் தான் தவறவில்லை என்ற திருப்தி அவளுக்கு இருந்தது.

அடிப்படை உரிமைகள் ஆறும் யாருக்கும் மனதில் வரிசையாக நிற்காத ஒரு நாளில் செவ்வந்தி எழுந்தாள். "சார், எங்க வூட்ல ஆறு ஆடு இருந்திச்சி," என்றாள். வகுப்பே சிரித்தது. "சிரிக்காதீங்கடா, கேளுங்க. செம்மி யாரையும் முட்டாது, எல்லாத்தோடயும் சமமா நின்னு மேயும். அது சமத்துவம். ஓடுகாலிக்குக் கயிறே ஆவாது, அது சுதந்திரம். பால் பீச்சப் போனா ஒதப்பி வுடுவா பாரு ஒரு ஒத, அது சுரண்டலுக்கு எதிரானது. சாமிக்கு நேந்து வுட்ட கிடா சமயம். வாத்திச்சி, நாம பேசுனா தலைய சாச்சிக்கினு கேக்கும், அது கல்வி. கடைசி கத்திக்காரி. அதுக்கு ஒரு கொறன்னா மத்த ஆடுங்ககிட்ட சொல்லாது. நேரா வந்து வாசல்ல நின்னு கத்தும், கதவத் தொறக்கிற வரைக்கும்."

"நேரா உச்ச நீதிமன்றம்!" என்று சார் மேஜையைத் தட்டினார். "விதி முப்பத்தி ரெண்டு! உரிமை பறிபோனா நேரா அங்கயே போய் முறையிடலாம்!"

ஜெயசுதா அன்று அதை அப்படியே எழுதினாள், ஆட்டின் குணம் ஒன்றுவிடாமல். மறுநாள் நானூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். ஒரு வாரத்தில் யாரோ குரல் கொடுத்து வீடியோ ஆக்கினார்கள். சேலம் பஸ்ஸில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஓடுகாலியைச் சொல்லிச் சிரித்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதிலிருந்து அவள் போடும் ஒவ்வொரு குறிப்புக்கும் முதல் லைக் ஒரே இடத்திலிருந்து வந்தது. கரும்பு லாரிப் படம் போட்ட கணக்கு. பதிவு போட்ட இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். அது வரும்வரை அவள் போனைக் கீழே வைக்கமாட்டாள். தன் எழுத்துக்கு ஒரு ஆள் காத்திருக்கிறான் என்பது அவளுக்குச் சோறு மாதிரி ஆகிவிட்டது. அந்த ஆள் ஒருநாள் கேட்டான், வகுப்பு எந்த ஊரில் என்று. சொன்னாள். ஆட்டுப் பாடம் சொன்னவர் இன்னும் படிக்கிறாரா என்று கேட்டான். 'தினமும் வருகிறார், முதல் பெஞ்ச்' என்று பதில் எழுதி ஒரு பூ படமும் போட்டாள்.

"இன்னிக்கு வருவாங்க இல்ல?" என்றான் தமிழழகன் படியடியில். "மொத பெஞ்ச்."

"இல்லீங்க. அவங்க லீவு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கோபமே இல்லை. "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க மேடம். தெனம் படிக்கிறேனே."

மேலே ஓடி மொட்டை மாடியில் நின்று செவ்வந்திக்குப் போன் செய்து, அவன் வந்ததைச் சொன்னாள். மறுமுனையில் துணி விரிக்கும் சத்தம். "ஒதப்பிய வித்துட்டானா?" என்றுதான் செவ்வந்தி முதலில் கேட்டாள்.

"பேரு போடலன்னு சொன்னியே."

"போடலடி. சத்தியமா."

"ஆட்டு பேரு?"

ஜெயசுதா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மனுசி பேர மறச்சிட்டு ஆட்டு பேர போட்டுக்கிற. அதுங்கள அந்தப் பேரு சொல்லிக் கூப்புட்டது ஒலகத்துலயே ரெண்டு பேருதான் சுதா."

"போலீசுக்குப் போலாம், நான் வரேன்."

"போனேன். ரெண்டு பேரையும் பெஞ்சில உக்கார வெச்சி டீ வாங்கிக் குடுத்து, சேந்து வாழுங்கன்னு அனுப்பிட்டாங்க."

"எங்கடி போவ?"

"ஒன்கிட்ட சொன்னா எழுதிடுவ," என்றாள் செவ்வந்தி. அதைத் திட்டுவதுபோலச் சொல்லவில்லை. பாடத்தில் ஒரு வரியைப் போலச் சொன்னாள். அதன் பிறகு அந்த எண் அணைந்துவிட்டது.

சார் அந்த ஆட்டுப் பதிவை அன்றே அழித்தார். "நீ வேணும்னேவா செஞ்ச? வுடும்மா," என்றார். ஆனால் அது எங்கெங்கோ இருந்தது. ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பையன் பிரிண்ட் எடுக்கக் கொண்டுவந்த தாளில்கூட இருந்தது. இருபது பிரதி போட்டுக் கொடுத்தாள், ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே. மூன்று நாளும் தமிழழகன் மாலையில் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். ஒரு தம்ளர் டீயை அரைமணி நேரம் குடித்தான். அவள் கடக்கும்போது எழுந்து நின்றான். வகுப்பில் முதல் பெஞ்சின் ஓரத்தில் யாரும் உட்காரவில்லை. சார் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவர் பார்வை பழக்கத்தில் அங்கே போய் நின்று திரும்பியது. வந்தவர்கள் பதினாலு என்று எழுதப் போய், எண்ணிப் பார்த்துப் பதிமூன்று என்று அவள் திருத்தினாள். மறுநாளும் அதே தப்பைச் செய்தாள்.

நான்காம் நாள் காலையில் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவன் நம்புவது அவள் எழுத்தை. அப்படியென்றால் அவனை இங்கிருந்து அனுப்ப அவளால் மட்டும்தான் முடியும். தன் சொந்த நோட்டில் கோடு போட்டு முறையாக யோசித்தாள். அவனும் நம்ப வேண்டும், செவ்வந்தியும் அங்கே இருக்கக்கூடாது, அப்படி ஓர் ஊர். மலைக்குச் செவ்வந்தி போகமாட்டாள், அவன் முதலில் தேடுவது அவள் பிறந்த இடத்தில்தான். கள்ளக்குறிச்சி கரும்பு லாரிகள் போய்வரும் வழி. விருத்தாசலம் ரயிலைப் பற்றி ஒருமுறை கேட்டிருக்கிறாள், அங்கே போயிருக்கலாம். நைனார்பாளையத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இத்தனை மாதத்தில் செவ்வந்தி வாயிலிருந்து ஒருமுறையும் வராத ஊர் சேலம். அதைச் சுற்றி வட்டம் போட்டாள். சாரிடம் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், இன்னும் போடாத நேற்றைய பாடத்தின் கடைசியில் சேர்த்து எழுதிப் போட்டாள்: ஆட்டுப் பாடம் சொன்ன தோழி இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறார், ஜவுளிக்கடை, புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம், எட்டரைக்குக் கடை விட்டதும் கூடப் படிப்பவர்களோடு சேர்ந்து படிக்கிறார், எல்லோரும் வாழ்த்துங்கள். பொய்யைக்கூட அவளுக்கு இடமும் நேரமும் போட்டுத்தான் எழுத வந்தது. இரண்டு நிமிடத்தில் முதல் லைக் விழுந்தது. மூன்று நாளில் முதல்முறையாக டப்பாவைத் திறந்து முழுச் சோற்றையும் சாப்பிட்டாள்.

மாலை டீக்கடை பெஞ்ச் காலியாக இருந்தது. ஒருவேளை அவன் செவ்வந்தி இங்கே வேலை பார்த்த ஜவுளிக்கடையில் போய் விசாரித்தால் அங்கேயும் இதையே சொல்ல வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. வகுப்புக்கு ஏறாமல் அங்கே நடந்தாள். செவ்வந்தியோடு ஒரே அறையில் இருந்த கமலா அக்கா நைட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, யாராச்சும் செவ்வந்திய கேட்டு வந்தா, சேலம் போய்ட்டான்னு சொல்லுங்கக்கா."

கமலாவின் கை நின்றது. கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"ஒனக்கு யாருடி சொன்னது?"

ஜெயசுதா மேஜை மேலிருந்த நைட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதலாளி அவள சேலத்துல தன் தம்பி கடைக்கு அனுப்பிக்கிறாரு. எனக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஒனக்கு எப்படித் தெரியும்? ஏய், இன்னாடி, ஏன் இப்படி நிக்கிற?"

"அந்தக் கடைக்குப் போன் போடுங்கக்கா. இப்பவே. எட்டரைக்கு வெளிய வர வேணாம்னு சொல்லுங்க."

"நம்பரு மொதலாளிகிட்ட இருக்கு. அவரு கல்யாணத்துக்குப் போயிருக்காரு. கேட்டு வாங்குறேன் இரு. எதுக்குடி எட்டர?"

அதற்கு நின்று பதில் சொல்ல முடியவில்லை. ஓடிக்கொண்டே அந்தக் குறிப்பை அழித்தாள். விரல் இரண்டு முறை வேறெங்கோ பட்டது. பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் பின்வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தது, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பேரைக் கத்தினார். நாலாவது வரிசை ஜன்னலோரம் படிய வாரிய தலை தெரிந்தது. ஜெயசுதா ஏறினாள்.

அவனுக்குப் பின் சீட் காலியாக இருந்தது. அவன் திரும்பவில்லை. காலருக்கும் முடிக்கும் நடுவே பவுடர் திட்டாக இருந்தது. மடியில் துணிப்பை, அதன் வாயில் புதுப் புடவை ஒன்றின் கரை எட்டிப் பார்த்தது. கண்டக்டர் வந்து "எங்கம்மா?" என்று கேட்டார். கையால் முன்னே காட்டினாள். ஊர் தாண்டியதும் பஸ்ஸுக்குள் வெளிச்சம் குறைந்து போன்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவன் போனிலும் எரிந்தது. அவள் அழித்த குறிப்பு அதில் படமாக இருந்தது. அவன் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, உதடு மெல்ல அசைய, கடைசிவரை படித்தான். பிறகு போனை மார்போடு கவிழ்த்துவைத்து, கண்ணை மூடி, பார்க்காமல் சொல்லிப் பார்த்தான்.