கேட்டது, ஊகம்

ஐந்தேகாலுக்கு எழுந்திருப்பேன். மோட்டார் சுவிட்சைப் போடுவேன். மேல் தொட்டி நிரம்ப இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதற்குள் பாலைக் காய்ச்சி டீ போட்டுவிடலாம், முந்தைய நாள் பாத்திரத்தைக் கழுவிவிடலாம். டம்ளர் ஒன்று, தட்டு ஒன்று, சட்டி ஒன்று. பிறகு ஈரத்துணியால் ஜன்னல் கட்டையைத் துடைப்பேன். விம்கோ நகரில் எந்த வீட்டு ஜன்னலிலும் காலையில் விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டும். துணியை அலசி மேசை, டிவி, கடைசியாக ஃப்ரிட்ஜின் மேல்பக்கம். அங்கே மகிமாவின் பச்சைப் பை இருக்கிறது. பையைச் சுற்றித் துடைப்பேன். தூக்கித் துடைத்ததில்லை. பதினொரு மாதமாக அப்படித்தான்.

அன்று சனிக்கிழமை. எனக்கு ஷிஃப்ட் இல்லை. டீயைக் குடித்துக்கொண்டே போனைப் பார்த்தேன். இரண்டு செய்திகள் வந்திருந்தன.

ஒன்று மகிமாவின் அம்மாவிடமிருந்து. அவர் எழுதமாட்டார், பேசித்தான் அனுப்புவார். "மாப்ள, கார்டு ப்ரூஃப் வந்துட்டு. நீங்க படிச்சவிய. எழுத்து கிழுத்து தப்பா இருக்கான்னு பாத்துச் சொல்லிருங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு பிரஸ்ல ஓட்டிருவாவளாம்." கீழே ஒரு படம். முதலாம் ஆண்டு நினைவு அட்டை. மகிமாவின் கல்லூரிக் காலத்துப் புகைப்படம், ஒரு வசனம், தேதி. அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில்: 'அவள் கடைசியாகச் சொன்னது: அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை.'

எழுத்துப் பிழை எதுவும் இல்லை. பிரஸ்காரர் பேச்சை இலக்கணத்துக்கு மாற்றியிருந்தார். மகிமா உயிரோடு இருந்தவரை 'அம்மாவின் மேல்' என்று பேசியதில்லை.

இந்த வாக்கியத்தையும் அவள் பேசியதில்லை. அதை நான்தான் சொன்னேன்.

நான் வியாசர்பாடி. அவள் டோல்கேட். அவளுடைய அப்பா எபினேசர் நாசரேத் பக்கத்திலிருந்து வந்து மொத்த மளிகைக் கடை வைத்தவர். கல்லூரியில் நான் வணிகவியல், அவள் விலங்கியல். பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அதன்பின் இரண்டரை வருடம் அவள் வீட்டிலிருந்து யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. போன வருடம் நவம்பர் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரத்தில் சிறுநீரகம், பிறகு நுரையீரல். நான் போன் செய்து, அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்க். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "எம் புள்ள கடைசியா என்ன சொன்னா?" நான் பிளாஸ்க்கைப் பார்த்தேன். மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது. "அம்மா மேல கோவம் இல்லன்னா" என்றேன்.

அன்றிலிருந்து நான் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை டோல்கேட் வீட்டில், கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் எனக்கும் சேர்த்துத் தட்டு வைப்பார்கள். நான் கோயிலுக்குப் போவதில்லை, அதை யாரும் கேட்பதில்லை. எலும்பு நிறைய உள்ள துண்டாகப் பார்த்து அத்தை எனக்குப் போடுவார். மற்ற ஆறு நாட்களில் என்னிடம் வாய் திறந்து பேசுகிறவர்கள் நான் வேலை பார்க்கும் யார்டில் உள்ளவர்கள் மட்டுமே.

இரண்டாவது செய்தி அனத்திடமிருந்து. மகிமா வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இருப்பவள், ராயபுரம். ஒன்பது மணிக்கு வருவதாக எழுதியிருந்தாள். ஏன் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். மூன்று முறை தள்ளிப்போட்டிருக்கிறேன்.

மகிமாவின் வேலை தவளைச் சத்தம். எண்ணூரிலிருந்து மணலி வரை மழைத்தண்ணீர் நிற்கும் பள்ளங்களில் ஒரு அங்குலம்கூட இல்லாத சின்னத் தவளைகள் உண்டு. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒரே இனமென்று நினைத்ததில் இரண்டு இருக்கலாம், மூன்று இருக்கலாம். கத்துவதை வைத்துத்தான் முதலில் பிரிக்க முடியும். சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டினால் வருகிற சத்தம். ஒரு நொடிக்கு எத்தனை பல் என்று கணினியில் எண்ணுவார்கள். சூடு கூடினால் வேகமாகக் கத்தும், அதனால் காற்று எத்தனை டிகிரி, தண்ணீர் எத்தனை டிகிரி என்பதும் வேண்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, நேரம், சூடு, இடம் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுவாள். பேப்பர் நனையும், குரல் நனையாது என்பாள்.

நோட்டில் இரண்டு கட்டம் போட்டிருப்பாள். 'கேட்டது', 'ஊகம்'. ஒருமுறை அவளுடன் போனபோது நோட்டை என்னிடம் கொடுத்தாள். நான் 'கேட்டது' கட்டத்தில் 'ஐந்து தவளை' என்று எழுதினேன். "அஞ்சு குரல் கேட்டுச்சா?" என்றாள். ஒரு குரல்தான் கேட்டது, இருட்டில் குறைந்தது இன்னும் நாலு இருக்கும் என்று தோன்றியது என்றேன். அடித்துவிட்டு, "தோணுறதுக்கு அடுத்த கட்டம் இருக்கு. இதுல கைய வைக்காத, பீமு" என்றாள்.

அனம் ஒன்பதரைக்கு வந்தாள். மழைக்கோட்டை வாசலில் மாட்டினாள். டீ வேண்டாம் என்றாள், பிறகு குடித்தாள்.

"அண்ணா, நூத்திப் பதினேழு ஃபைல் அக்காவே காப்பி பண்ணி வச்சிருக்காங்க. கடைசி ஒண்ணுதான் ரெக்கார்டர்லயே நின்னுடுச்சு. நோட்டுல அந்தத் தேதிக்கு நேரா 'கொஞ்சம் மெதுவா கத்துது, கவனி'ன்னு மட்டும் எழுதியிருக்காங்க. இடம் எழுதல. இது வேற தவளையா இருந்தா பேப்பர் மொத்தமா மாறிடும். அக்கா பேருதான் முதல்ல வரும்."

பையை ஃப்ரிட்ஜின் மேலிருந்து இறக்கினேன். அடியில் செவ்வகமாகக் கரி படிந்திருந்தது. ரெக்கார்டர் ஒரு சாக்ஸுக்குள் இருந்தது. என்னுடைய சாக்ஸ். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. அனம் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தாள். இரண்டு பென்சில் பேட்டரியும் ஒழுகி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தன. ஸ்பிரிங் ஒன்று அவள் கை பட்டதும் உடைந்து விழுந்தது.

"பேட்டரிய எடுக்காமயே வச்சிட்டீங்களாண்ணா?"

"ஆமா."

"போனா போகட்டும். மெமரி கார்டு அந்தப் பக்கம், அதுக்கு ஒண்ணும் ஆகல."

கார்டை மடிக்கணினியில் செருகி ஹெட்போனை என் பக்கம் நீட்டினாள். "நீங்களும் கேட்டா நல்லா இருக்கும். இடம் எதுன்னு உங்களுக்குத் தெரியலாம்."

மாட்டிக்கொண்டேன்.

"நவம்பர் பதினாலு. காலைல அஞ்சு அம்பத்தஞ்சு. மழ விட்டு ஒரு மணி நேரம். காத்து இருபத்தஞ்சு புள்ளி நாலு, தண்ணி இருபத்தாறு. எடம்..." அதற்கு மேல் கேட்கவில்லை. ஏதோ ஒரு ஹார்ன் குறுக்கே விழுந்தது. "ச்சே" என்றாள். குரல் மூக்கடைத்திருந்தது. மழையில் நின்றால் அவளுக்கு மூக்கடைக்கும். அதை நான் மறந்திருந்தேன். தண்ணீரில் நடக்கிற சத்தம். தூரத்தில் யாரையோ கூப்பிட்டு என்னவோ சொல்கிறாள், புரியவில்லை. ஹார்ன் நின்றது. பிறகு தவளைகள். நாலு நிமிடம் பத்து நொடி, வேறு ஒரு சத்தமும் இல்லை.

"பின்னாடி போ. ஹார்ன் வர்ற இடம்" என்றேன். மூன்று முறை கேட்டேன். குருவி கத்துவது போல இரண்டு தரம், மூன்றாவது தரம் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அது எங்கள் யார்டின் மூன்றாம் நம்பர் வண்டி. மணலி புதுநகர் போகிற வழியில் உள்ள கண்டெய்னர் யார்டில் நான் சூப்பர்வைசர். கண்டெய்னரை முன்கையால் தூக்கி அடுக்குகிற வண்டிகள் நான்கு உண்டு. போன வருடம் அக்டோபரில் மூன்றாம் நம்பருக்கு ரிவர்ஸ் ஹார்ன் எரிந்துபோனது. கம்பெனி ஹார்ன் வரவில்லை. அதை ஓட்டுகிறவன் பெயர் சின்னப்பையன்; அவன் டோல்கேட்டில் ஆட்டோவுக்குப் போடும் ஹார்ன் ஒன்றை வாங்கிவந்து மாட்டினான். நாற்பது டன் தூக்குகிற வண்டி குருவி மாதிரி கத்தியது. யார்டே சிரித்தது.

அனத்திடம் சொன்னேன். அவள் உடனே எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி, "ஹார்ன் கேட்டது. இடம் ஊகம். அப்படித்தானேண்ணா போடணும்?" என்றாள்.

சின்னப்பையனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"இன்னா மாமு, லீவு நாள்லயும் உடமாட்டியா?"

"போன வருசம் நவம்பர்ல, மழ நாளு. காலைல மகிமா நம்ம யார்டாண்ட வந்துச்சா?"

போனில் எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு அதை அணைத்தான்.

"வந்துச்சு மாமு. மதிலுக்கு அந்தாண்ட, அந்தப் பள்ளத்துல, முட்டி வரிக்கும் தண்ணில நின்னுகினு கீது. என்னப் பாத்து கைய கைய ஆட்டுது. எறங்கிப் போயி இன்னாம்மான்னா, அண்ணே, அஞ்சு நிமிசம் ரிவர்ஸ் எடுக்காத, தவள பயப்படுதுன்னுச்சு. நமக்கு இன்னா, குந்திகினு ஒரு பீடி வலிச்சேன். நீதான் வாக்கிடாக்கில கத்துன. கண்டெய்னர் காத்துகினு கீது, நீ இன்னாடா மசுரு புடுங்கிகினு கீறன்னு."

அனம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதன்னுச்சு. அவருக்கு தெரிஞ்சா பேஜாரு பண்ணுவாருன்னுச்சு. அப்பால... நீயும் கேக்கலயே மாமு."

அந்தப் பள்ளத்தைப் பற்றி அவளிடம் சொன்னது நான்தான். எங்க யார்டு பின்னாடி தண்ணி நிக்குது, உன் ஆளுங்க கத்துறாங்க என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். நாளைக்கே வரேன் என்றாள். அது கலீஜ் தண்ணி, வராதே என்றேன். சரி என்றாள்.

பதினாலாம் தேதி தண்ணீரில் நின்றிருக்கிறாள். இருபத்துநான்காம் தேதி காய்ச்சல். அழுக்குத் தண்ணீர் பட்டு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வரும் என்று டாக்டர் சொன்ன கணக்குக்குள் வருகிறது. ஆனால் அந்த மாதம் அவள் பதிவு செய்யாமல் நின்ற பள்ளங்கள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அதை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

அனம் நோட்டில் எழுதினாள். இடம்: யார்டின் பின்மதிலுக்கு வெளியே. நேரில் பார்த்தவர்: சின்னப்பையன். 'கேட்டது' கட்டத்தில்தான் எழுதினாள். நோட்டைத் திருப்பி என்னிடம் காட்டினாள், சரி என்றேன். கார்டை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். ஆய்வுக்கு அனுப்பும்போது முன்னால் வரும் பேச்சை வெட்டிவிட வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சூடு எத்தனை என்று சொல்லியிருக்கிறாளே என்றேன்.

அவள் போன பிறகு பையைத் திரும்ப ஃப்ரிட்ஜின் மேல் வைக்கவில்லை. அந்தக் கரியைத் துடைத்தேன். நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தேன். போனில் அட்டை திறந்தே இருந்தது. 'சரி' என்று இரண்டு எழுத்து அனுப்பினால் போதும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

நாலரைக்கு பஸ் பிடித்து டோல்கேட் போனேன். மாமா கல்லாவில் இருந்தார். தலையை அசைத்து உள்ளே காட்டினார். கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற அறையில் அத்தை தரையில் சாக்கை விரித்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். வேலைக்கு ஆள் இருந்தாலும் அதை அவரே செய்வார்.

"வாங்க மாப்ள. நனைஞ்சுட்டா வந்திய? போன்லயே சொல்லிருக்கலாம்லா."

ஒரு எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்தேன். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது.

"அத்தை, கார்டுல அந்தக் கடைசி வரி வேணாம்."

"ஏன், எழுத்து தப்பா கெடக்கா?"

"எழுத்து சரி. அது அவ சொன்னதில்ல. நான் சொன்னது."

அவர் கை நிற்கவில்லை. ஒரு காம்பு, இன்னொரு காம்பு. நான்கைந்து மிளகாய் போனது.

"நீங்களா சொன்னிய?"

"ஆமா."

"எதுக்கு?"

"நீங்க கேட்டீங்க."

"கேட்டா? கேட்டா எதையும் சொல்லிருவியளா?" குரல் உயரவில்லை. "பதினோரு மாசமா அந்த வார்த்தைய வச்சிட்டுல்லா நான் கண்ண மூடுதேன்."

"கோவம் இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது, அத்தை. இருந்துச்சுன்னும் அவ சொல்லல. இல்லன்னும் சொல்லல."

முறத்திலிருந்த மிளகாயைச் சாக்கில் கொட்டினார். கொட்டியதைத் திரும்ப முறத்தில் அள்ளினார். ஏற்கெனவே கிள்ளியது அது. போன் அடித்தது. எடுத்து, "ஒரு பத்து நிமிசம் பொறுங்க தம்பி, பாத்துட்டு இருக்கோம்" என்று பிரஸ்காரரிடம் சொல்லிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். முன்பக்கம் யாரோ வெல்லம் என்ன விலை என்று கேட்டார்கள். மாமா பதில் சொன்னார்.

"அப்பம் என்னதான் சொன்னா?"

'மாப்ள' என்று முறை சொல்லாமல் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

குழாய் வைக்கப் போகிறோம், அதன்பின் பேச முடியாது, ஏதாவது பேசுவதென்றால் இப்போதே பேசுங்கள் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னதைச் சொன்னேன். நான் உள்ளே போனதையும், நர்ஸ் அவள் முகமூடியை ஒரு நிமிடம் தூக்கிப் பிடித்ததையும், அவள் மூச்சு வாங்கி வாங்கிப் பேசியதையும் சொன்னேன். பிறகு அவள் சொன்னதைச் சொன்னேன்.

"டேய் பீமு, ரெக்கார்டர்ல பேட்டரி அப்பிடியே கெடக்கு. கழட்டி வச்சிடு. ஒழுகிடும்."