நான்காம் மாடிக்கு மூன்று நிறுத்தங்கள்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியால் வந்தது. சென்னையில் உள்ள பெரிய ஓவியக் கூடம் ஒன்றிலிருந்து உமாராணி என்பவர் அனுப்பியிருந்தார்: 'வியாழன் பதினொரு மணி. ஒரு சக்கர நாற்காலி, ஒரு துணையாள். கன்பர்ம் பண்ணலாமா சார்?' அது வந்தபோது சக்கர நாற்காலிக்காரர் இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. துணையாள் நான், செல்வின். பதில் போட உட்கார்ந்தவன், பக்கம் பக்கமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இறந்தவர் ரெக்சன், என் தங்கை அமலியின் கணவர். சங்கு குளித்தவர். எங்கள் பக்கத்தில் குளிப்பவருக்குப் படகிலிருந்து கயிறு பிடிப்பது மனைவியின் உடன்பிறந்தவன். தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விட மாட்டான் என்ற நம்பிக்கை. நான் விடவில்லை; அவசரப்பட்டேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், காற்று திடீரென்று மாறிய ஒரு நாளில், கம்ப்ரஸர் குழாயைக் கடித்தபடி பத்துப் பாகம்* ஆழத்தில் வெகுநேரம் கிடந்தவரை, நிறுத்தி நிறுத்தித் தூக்காமல் ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்துவிட்டேன். ஆழத்திலிருந்து நின்று நின்று ஏறாவிட்டால் ரத்தத்தில் காற்று குமிழியிட்டு நரம்பைக் கொன்றுவிடும். அன்றிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

[கடைசிப் பக்கத்துக்கு வைத்திருக்க வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி வருவது அதிகமும் சிரிப்புதான்.]

* இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். யார் கை என்பதில் படகுதோறும் சண்டை உண்டு.

2

'அன்று கடல் கண்ணாடியைப் போல—'

வேண்டாம். அன்று கடலை யாரும் கவனிக்கவில்லை. வேறு தொடக்கம்.

ரெக்சன் என் போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். சுவர் அளவு ஓவியம், கடலின் அடித்தரை.

"ஏலே மச்சான், இத வரஞ்சவன் தண்ணிக்குள்ள எறங்கிருக்கானா?"

"எனக்கென்ன தெரியும்?"

"பத்துப் பாகத்துல செவப்பு எங்கல இருக்கு? கை கிழிஞ்சா ரத்தமே பச்சையாத்தான் தெரியும். இவன் அள்ளிப் பூசிருக்கான்."

"போன்ல அப்படித் தெரியும் மச்சான்."

"அப்ப நேர்ல போய்ப் பாப்போம்."

அடுப்படியிலிருந்து அமலி: "வாசப்படி தாண்டவே ரெண்டு ஆள் வேணும். மெட்ராசுக்குப் படம் பாக்கப் போறாவளாம்!"

"ஏளா, நீயும் வா. வரும்போது சேல எடுத்துருவோம்."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதான?"

(இதில் சேலை மட்டும் என் கற்பனை. அமலி இதை வாசித்தால் கேட்பாள் என்பதற்காகச் சேர்த்தது.)

3

போன் பேசியது நான். நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம், கதவு எவ்வளவு? கழிப்பறையில் நாற்காலி திரும்புமா? சிறுநீர்ப் பையை மாற்ற மறைவிடம் உண்டா? அரைமணிக்கு ஒரு தடவை உட்கார்ந்த இடத்திலிருந்து உடம்பைத் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் புண் வரும். அதை யாராவது வேடிக்கை பார்ப்பார்களா? உமாராணி எதற்கும் சலிக்கவில்லை.

"அந்தப் பெயின்டிங் நாலாவது மாடி சார். லிஃப்ட்ல நேரா மேல போயிடுங்க. அப்புறம் சாய்தளத்துல மெதுவா இறங்கி வந்தா எல்லாத்தையும் பாத்துடலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ரெக்சன் குறுக்கே புகுந்தார். "அது ஆவாதும்மா. கீழருந்து சாய்தளத்துலதான் ஏறணும். ஒவ்வொரு மாடியிலயும் பத்து நிமிசம் நிக்கணும்."

"ஏத்தம் கஷ்டம் சார். தள்றவங்களுக்கு மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும்மா. தள்றது என் மச்சான்தான்."

உமாராணி சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஓவியக் கூடத்துக்குள் போவதை ஆழத்திலிருந்து ஏறுவதுபோலத் திட்டமிடும் கூத்தை எங்கள் ஆட்கள் மட்டுமே செய்ய முடியும். முதல் மாடி பத்து நிமிடம், இரண்டாம் மாடி பத்து, மூன்றாம் மாடி பத்து என்று பால்காரர் தந்த காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். கேலியாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா, போகட்டும் விடு என்றாரா? கேட்டிருந்தால் இந்தக் கதை தேவைப்பட்டிருக்காது. கிளம்புவதற்குப் பதினைந்து நாள் இருந்தபோது சிறுநீரகத்தில் கிருமி ஏறி, மூன்றே நாளில்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

4

ஆகவே எழுத்தில் கூட்டிப்போகிறேன். அந்தக் கூடத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அளவுகள். நுழைவாயிலின் அழகை வர்ணிக்கச் சொன்னால், 'முப்பத்தாறு அங்குலம்' என்பேன்.

முதல் மாடி. ராஜாக்களின் படங்கள். "இந்த ராசா நம்ம ஐஸ் கம்பெனி மாசானம் மாதிரி இருக்காரு பாரு. அதே மூஞ்சி, அதே கோவம்." பத்து நிமிடம்.

இரண்டாம் மாடி. உடம்பைத் தூக்கிவிடுகிறேன். ஒருவர் வேடிக்கை பார்க்கிறார். "இதுக்குத் தனி டிக்கெட் அண்ணாச்சி" என்கிறார் ரெக்சன். பத்து நிமிடம்.

மூன்றாம் மாடி. எனக்கு மூச்சு வாங்குகிறது. ரெக்சன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "இன்னும் ரெண்டு நிமிசம் கெடக்கு. எதுக்கு மச்சான் பறக்க?"

நான்காம் மாடி. அந்தச் சுவர். நாற்காலியைத் திருப்பி நிறுத்துகிறேன். அவர் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார். "மச்சான், அன்னைக்கு நீ—"

முடிவு அ: "—என்ன செய்வ, காத்து அப்படி." எழுதி, அடித்தேன். குற்றவாளியே தீர்ப்பு எழுதிக்கொள்வதுபோல் இருந்தது.

முடிவு ஆ: "—ஏம்ல அப்படி இழுத்த?" இதுவும் அவர் குரல் இல்லை. பன்னிரண்டு வருடமாக எனக்குள் கேட்கும் என் குரல்.

முடிவு இ: அவர் திரும்பிப் படத்தைப் பார்த்து, "செவப்பு ஜாஸ்திதான்" என்கிறார். மூன்றில் இதுதான் ரெக்சன். இந்த மூன்றை மட்டும் வாசித்துக் காட்டியபோது அமலியும் அதையே சொன்னாள். ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

நான் எதை எழுதினாலும் அது என் கையெழுத்தாகவே இருக்கிறது. இதை வாசிக்கிற நீங்கள் என் தங்கையைக் கட்டியவர் இல்லை, எனக்குப் பயந்தவரும் இல்லை. அவரை இவ்வளவு நேரம் கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்லியிருக்கக்கூடியதை நீங்கள் எழுதுங்கள். எனக்கு இதமாக இருக்க வேண்டும் என்று வளைக்க வேண்டாம். இடம் விட்டிருக்கிறேன்.

"மச்சான், அன்னைக்கு நீ ....................................."